இரண்டு பெடல் செடான்: வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

கேள்வி: வீடு கிருஷ்ணகிரி, வேலை ஓசூர் சிப்காட். தினமும் போக வர 100 கி.மீ. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். டிசையர் ஏ.எம்.டி. வாங்கச் சொல்கிறார்கள் சிலர், அமேஸ் சி.வி.டி. என்கிறார்கள் சிலர். இரண்டுமே ஆட்டோமேட்டிக்தானே, ஓட்டும்போது அப்படி என்ன வித்தியாசம் தெரியும்?

பதில்: ஷோரூமில் இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைப்பார்கள். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நீங்கள் காலால் செய்த கிளட்ச் வேலையையும் கையால் செய்த கியர் மாற்றத்தையும் ஆக்சுவேட்டர் என்ற இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவே. சி.வி.டி.யில் படிப்படியான கியரே கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் இரும்புப் பெல்ட், கப்பிகள் விரிந்து சுருங்குவதற்கு ஏற்ப விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

இனி சாலையில். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிக் காலியான நெடுஞ்சாலையில் 80, 90 என்று போகும்வரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. சி.வி.டி.யில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி அமைதியாக ஓடும். டிசையரின் மூன்று சிலிண்டர் இன்ஜின் சிக்னலில் நிற்கையில் ஸ்டியரிங்கில் லேசாக நடுங்கும், ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிடும்.

மேலுமலை ஏற்றத்தில் முன்னால் கன்டெய்னர் லாரி, வலது தடத்துக்கு மாறி முந்த வேண்டும். அங்கேதான் குணம் தெரியும். ஏ.எம்.டி.யில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் எதுவும் நடக்காது. கிளட்ச் விடுபட்டு, ஐந்தாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, மறுபடி பிடித்த பிறகுதான் வண்டி பாயும். அந்த ஒரு கணத்தில் தலை முன்னே போய்ப் பின்னே வரும். பழகியவர்கள் முந்தப்போவதற்கு முன்பே லீவரை எம் (மேனுவல்) நிலைக்குத் தள்ளி மூன்றாவது கியரில் வைத்துக்கொள்வார்கள். டி (டிரைவ்) நிலையிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால், கியர் ஏறப்போகும் நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், உலுக்கல் பாதியாகும். சி.வி.டி.யில் உலுக்கல் அறவே இல்லை, சத்தம்தான். முழுதாக மிதித்தால் இன்ஜின் 5,000 சுற்றுக்கு எகிறி அங்கேயே நின்று அலறும், வேகம் பின்னாலிருந்து மெல்ல வந்து சேரும். ரப்பர் பேண்டை இழுத்தாற்போல என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். முக்கால்வாசி மிதித்தால் போதும்; கடைசிக் கால்வாசி மிதியால் கிடைப்பது பெரும்பாலும் சத்தமே.

ஓசூருக்குள் நுழைந்து, ஷிஃப்ட் விடும் நேரத்து நெரிசலில் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்கையில் கதையே வேறு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சி.வி.டி. தானாகவே ஊரும். இன்றைய ஏ.எம்.டி.யும் ஊரும், ஆனால் அப்போதெல்லாம் உரசிக்கொண்டிருப்பது கிளட்ச் தட்டு. 20 நிமிடம் அப்படி ஓட்டினால் தட்டு சூடாகி உலுக்கல் கூடும். முன் வண்டியின் வாலையே முட்டிக்கொண்டு நிற்காமல் இரண்டு கார் இடைவெளி விட்டு, ஒரேயடியாக நகர்ந்து நிற்பது ஏ.எம்.டி.க்கு நல்லது. நம் சாலையில் அந்த இடைவெளிக்குள் பைக்குகள் வந்து நிற்கும் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

உங்கள் 100 கி.மீ.யில் நெரிசல் எத்தனை கி.மீ. என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கும் குறைவென்றால் டிசையர் ஏ.எம்.டி.யே போதும். அதன் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 25.71 கி.மீ., அமேஸ் சி.வி.டி.க்கு 19.46. சாலையில் இரண்டுமே குறையும். டிசையர் 20, அமேஸ் 17 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,500 கி.மீ.க்கு 125 லிட்டரும் 147 லிட்டரும் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் ரூ. 2,200 வித்தியாசம். முழங்கால் வலியே காரணம், நெரிசலும் அதிகம் என்றால் அந்த 2,200-ஐ வைத்தியச் செலவாக நினைத்துச் சி.வி.டி. பக்கம் போகலாம். டிக்கி அமேஸில் 416 லிட்டர், டிசையரில் 382. மாம்பழ சீசனில் கூடை ஏற்றுகிறவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் வாசலிலிருந்து ஒரு சுற்று போய் வருவதில் ஒன்றும் தெரியாது. மூன்று பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியைப் போடுங்கள், ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். 60-லிருந்து 90-க்கு வர எத்தனை விநாடி என்று பின்சீட்டுக்காரரை எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது டி-யிலேயே வைக்கலாமா, ஒவ்வொரு முறையும் என் (நியூட்ரல்) நிலைக்கு மாற்ற வேண்டுமா? (வாசகர், பர்கூர்)

பதில்: சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசை கடத்தும் ஆட்டோமேட்டிக்) வண்டிகளில் பிரேக்கை மிதித்தபடி டி-யிலேயே இருக்கலாம். ஏ.எம்.டி.யில் அரை நிமிடத்துக்கு மேல் என்றால் என், ஹேண்ட் பிரேக். ரயில்வே கேட் என்றால் எந்த வண்டியானாலும் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: தர்மபுரியிலிருந்து வாரம் ஒருமுறை சேலம் போகிறேன். போன மாதம் சி.வி.டி. செடான் வாங்கினேன். தொப்பூர் கணவாய் இறங்கி முடித்ததும் சக்கரத்தில் கருகிய வாடை வந்தது. மேனுவல் காரில் இப்படி வந்ததே இல்லை. வண்டியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு இல்லை, லீவரை டி-யிலேயே விட்டு இறங்கியிருப்பீர்கள். மேனுவல் காரில் தொப்பூரில் மூன்றாவதில் போட்டு இறங்கும் பழக்கம் உங்கள் கையில் இருந்தது. இங்கே கைக்கு வேலையில்லை என்று விட்டுவிட்டீர்கள். சரிவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் சி.வி.டி. மைலேஜைக் கருதி விகிதத்தை உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். இன்ஜின் 1,200, 1,500 சுற்றில் சும்மா சுழலும். இன்ஜின் பிடிப்பு இல்லாததால் வண்டியின் எடை முழுவதையும் பிரேக் பேடுகளே தாங்கின. வாடை அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்த முறை சரிவு தொடங்கும் முன்பே, வேகத்தை 50-க்குக் கொண்டுவந்து எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் இருந்தால் இடது பக்க மைனஸ் பேடிலை ஒன்றிரண்டு தட்டுத் தட்டுங்கள். இன்ஜின் 3,000 சுற்றுக்கு ஏறிச் சத்தம் போடும், வண்டி பிடித்தாற்போல இறங்கும். அந்தச் சத்தத்தால் இன்ஜினுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. எல் (லோ) நிலை இருக்கும் வண்டியில் இன்னும் செங்குத்தான இடத்துக்கு, ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகள், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கம் போன்றவற்றுக்கு, அதைப் பயன்படுத்தலாம். ஏ.எம்.டி. வைத்திருப்பவர்கள் எம்-க்குத் தள்ளி மூன்றாவதோ இரண்டாவதோ. வேகம் அதிகமாக இருக்கும்போது இரண்டாவது கேட்டால் கியர்பாக்ஸ் மறுத்துவிடும். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

பிரேக்கை வழி முழுக்க லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் மோசம். 60-க்கு ஏறியதும் அழுத்தமாக மிதித்து 45-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு காலை முழுதாக எடுங்கள். இடையில் டிஸ்க்குக்குக் காற்று பட வேண்டும்.

என்-னில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று லாரி நிறுத்தத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போதைய இன்ஜின்களில், கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் ஊசிகள் முற்றிலும் மூடிக்கொள்ளும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். என்-னில் போட்டால்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிடுவது இன்னும் ஆபத்து. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடத்தில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பிரேக் இலகுவாக இருக்கும், பிறகு கல்லாகிவிடும்.

ஒருமுறை கருகியதால், சர்வீஸில் முன் பேடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தால் தேய்த்தோ மாற்றியோ தருவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமவெளியில் ஓட்டுகிறவர் தள்ளிப்போட்டாலும் தப்பித்துக்கொள்வார், தொப்பூர் இறங்குகிறவர் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நாற்பது ஆண்டு மேனுவல் ஓட்டியவர். ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். தனி லைசென்ஸ் வேண்டுமா? என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? (வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: அவரிடமுள்ள எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும், தேதி மட்டும் நடப்பில் இருக்கிறதா பாருங்கள்.

கவலைப்பட வேண்டியது இடது காலைப் பற்றி. நாற்பது ஆண்டாகக் கிளட்சை ஒரே மூச்சில் தரைவரை மிதித்த கால் அது. அவசரத்தில் அது தானாக எழுந்து, அகலமான பிரேக் பெடலைக் கிளட்ச் என்று நினைத்து மிதிக்கும், வண்டி குத்திட்டு நிற்கும். முதல் வாரம் இடது காலை ஓரத்துக் கால்மேடையிலேயே, வேண்டுமானால் சீட்டுக்கு அடியில் பின்னுக்கு இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே. குதிகால் பிரேக்குக்கு நேராக ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் திரும்ப வேண்டும்.

வீட்டு போர்டிகோவில் ஏற்றும்போதுதான் சுவரில் மோதுவது நடக்கிறது. அங்கே ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், ஊரும் வேகமே போதும், கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும். நிறுத்தும்போது முதலில் பிரேக், பிறகு ஹேண்ட் பிரேக், கடைசியில் பி (பார்க்கிங்). வரிசையை மாற்றிச் சரிவில் பி போட்டுவிட்டால் வண்டியின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொண்டியில் தொங்கும், அடுத்த நாள் லீவர் டக்கென்ற சத்தத்தோடுதான் விடுபடும். ஏ.எம்.டி. என்றால் பி கிடையாது. கியரில் போட்டு இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரியவருக்கு ஏ.எம்.டி.யை விட பி உள்ள வண்டியைப் பரிந்துரைப்போம். ஹில் ஹோல்டு வசதி இருக்கிறதே என்றால், அது ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு விநாடிதான் பிடித்திருக்கும்.

கேள்வி: மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் விலைப்பட்டியலில் 50,000 ரூபாய்தான் வித்தியாசம். ஆன்-ரோடு கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், அரூர்)

பதில்: நீங்கள் 10 லட்சக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள்கால வரி, விலை 5 முதல் 10 லட்சம்வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம்வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் மேனுவலுக்கு வரி ரூ. 1,28,700. 10,40,000 ரூபாய் ஆட்டோமேட்டிக்குக்கு ரூ. 1,87,200. வரியில் மட்டும் 58,500 கூடிவிட்டது, விலையோடு சேர்த்தால் 1,08,500. இதற்கு மேல் 10 லட்சம் தாண்டியதற்காக 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி), ரூ. 10,400. அது மட்டும் உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆகவே ஒரு படி குறைந்த வேரியன்ட்டில் ஆட்டோமேட்டிக் 10 லட்சத்துக்குள் கிடைத்தால், சன்ரூஃபையும் அலாய் வீலையும் விட்டுவிட்டு அதை எடுப்பது லாபம்.

நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் எல்லாம் இதில் அடங்கும். சிட்டி, வெர்னா, ஸ்லாவியா போன்றவற்றுக்கு 40.

பட்டியலில் ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று ஏதாவது இருந்தால் பேனாவால் அடித்துவிட்டு, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்; பொதுவாகத் தொகை காணாமல் போய்விடும். இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டி கட்டாயம், ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கானது) ஓர் ஆண்டு. இதே சேர்க்கைக்கு வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக் காட்டுங்கள். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3525 என்றால் 2025-ஆம் ஆண்டின் 35-வது வாரம். ஸ்டாக்கில் கிடந்த வண்டி என்றால் தள்ளுபடி கேட்கும் உரிமை உங்களுடையது.

கேள்வி: பெங்களூரு பதிவில் ஐந்து வயதான சி.வி.டி. செடான் ஓசூர் புரோக்கர் மூலம் வருகிறது. 55,000 கி.மீ. ஓடியது, விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: பெங்களூரு நெரிசலில் 55,000 கி.மீ. என்பது நம் சாலையின் 55,000 அல்ல; இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். ஆகவே ஓடோமீட்டரை விட சர்வீஸ் கணக்கு முக்கியம். பதிவு எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் வரலாறு எடுக்கலாம். உரிமையாளரைக் கூட அழைத்துப் போனால் மறுக்க மாட்டார்கள். அதில் தேட வேண்டிய வரி, சி.வி.டி. ஆயில் மாற்றியது. வழக்கமாக 40,000 கி.மீ. வாக்கில் அது நடந்திருக்க வேண்டும், சரியான கணக்கு அந்த மாடலின் கையேட்டில். என்ன ஆயில் என்பதும் முக்கியம். ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்-2. ரோட்டோர மெக்கானிக் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏ.டி.எஃப். ஊற்றியிருந்தால் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் வேண்டிய பிடிப்பு கிடைக்காது, வழுக்கி வழுக்கிக் கப்பியில் கோடு விழும். பிறகு கியர்பாக்ஸ் முழுதாக மாற்றுவதுதான் வழி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் போய்ப் பாருங்கள், சூடான வண்டி பல குறைகளை மறைக்கும். பி-யிலிருந்து டி-க்குப் போட்டதும் ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். 20-லிருந்து 40 கி.மீ. வரை மெல்ல ஏற்றுகையில் கல் பாவிய தெருவில் போவது போன்ற அதிர்வு வந்தால் விட்டுவிடுங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் பேரிங். பெங்களூரு வண்டிகளுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு: 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் வீட்டு வாசல்களிலும் கீழ்த்தளங்களிலும் நின்ற கார்கள் நிறைய மூழ்கின. நான்கு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தின் துருவையும் ஸ்டெப்னி குழியையும் விடாதீர்கள்.

காகிதம்: கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, புதுப் பதிவு எண்ணுக்குப் படிவம் 27, கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35. இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு வரி கட்டி டி.என். 24 அல்லது டி.என். 70 எண் வாங்கிய பிறகு, கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். அது முதல் உரிமையாளர் பெயரில் கட்டிய பணம், ஆகவே விண்ணப்பத்துக்கு வேண்டிய கையெழுத்துகளை முழுத் தொகை கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். பதினோராம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டால், என்.ஓ.சி.க்காக அலையும்போது பழைய உரிமையாளர் போனை எடுக்க மாட்டார். வாங்கும் விலையில் இந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் டி.என். பதிவு வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

கேள்வி: ஏ.எம்.டி. கார், 38,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது. வாரன்டி இருந்தும், தேய்மானப் பொருள் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள். (வாசகர், பென்னாகரம்)

பதில்: கிளட்ச் தட்டு தேய்மானப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் தட்டு ஏன் தேய்ந்தது என்பது வேறு கேள்வி. கழற்றும்போது நேரில் நில்லுங்கள். தட்டு சீராகத் தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தால் ஓட்டியதில் குறை: ஒகேனக்கல் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்திருப்பீர்கள், அல்லது ஐந்து பேரோடு டி-யில் ஊர்ந்து ஏறியிருப்பீர்கள். தட்டில் எண்ணெய் படிந்திருந்தால் ஆயில் சீல் ஒழுகியிருக்கிறது. ஆக்சுவேட்டர் சரியாகப் பிடிக்காமல் தட்டு வழுக்கியிருந்தால் ஸ்கேனரில் பிழைக் குறியீடு இருக்கும். இந்த இரண்டிலும் மூல காரணம் வாரன்டிக்குள் வரும் பாகம். அதனால் கெட்ட கிளட்சுக்கும் நீங்கள் கேட்கலாம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஸ்கேன் அறிக்கையின் அச்சுப்படி, கழற்றிய தட்டின் இரு பக்கப் படம், ஜாப் கார்டில் காரணம் எழுத்தில், இந்த மூன்றையும் வாங்குங்கள். பழைய தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். புது கிளட்ச் போட்ட பின் ஸ்கேனர் வைத்து அதைக் கியர்பாக்ஸுக்குப் பழக்க வேண்டும். அந்தப் படியை விட்டால் முதல் கியரில் உலுக்கும், புதுத் தட்டும் சீக்கிரம் போகும். பில்லில் அந்த வேலை தனி வரியாக இருக்கிறதா பாருங்கள்.

கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் நகரவில்லை என்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணம், கொடுத்த விலை 5 லட்சம்வரை இல்லை, 10 லட்சம்வரை ரூ. 200. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.